மலர்ந்த பின்னும் வாழும் கிழங்கு

மார்கழி மாதத்தில் ஐரோப்பிய நகரங்களில் வெளியே பனி உறைந்து கிடக்கும். பூங்காக்களில் ஒரு பூவைத்தானும் காண்டல் அரிது. அவ்வேளையில் வீட்டினுள்ளே, சன்னலோரத்துத் தொட்டியொன்றில், உள்ளங்கையினும் பெரிய செம்மலர்கள் நான்கு திசைக்கொன்றாக முகங்காட்டி நிற்கும். வெங்காயத்தை ஒத்த ஒரு கிழங்கினின்று எழும் அம்மலருக்கு அமரில்லிஸ் என்று பெயர்.

பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. அமரில்லிஸ் என்பது உரோமப் புலவர் வெர்ஜிலின் பாடல்களில் வரும் ஆயர்மகளின் பெயர். 1753 இல் லின்னேயஸ் அதனை ஒரு செடிக்குச் சூட்டினார். எச்செடிக்கு என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. தென்னாபிரிக்கச் செடிக்கே அப்பெயர் உரியதென 1987 இல் பெர்லினிற் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு முடிவுசெய்தது. தொட்டியில் வளர்வதோ தென்னமெரிக்க இனமான ஹிப்பியாஸ்ட்ரம். எனினும் மக்கள் வழக்கில் ஆயர்மகளின் பெயரே நிலைத்துவிட்டது.

வளர்க்கும் முறை எளிது. கிழங்கினும் சற்றே அகன்ற தொட்டியில், அதன் மேற்பாகம் மூன்றிலொரு பங்கு மண்ணுக்கு மேலே தெரியுமாறு நடவேண்டும். முளை காணும்வரை நீரை அளந்தே ஊற்றவேண்டும். மிகுந்தாற் கிழங்கு அழுகும். தண்டு ஒளியை நோக்கிச் சாயுமாதலின் தொட்டியை அடிக்கடி சிறிது திருப்பி வைத்தல் நன்று. 6 முதல் 10 வாரங்களில் மலர் விரியும்.

மலர் வாடியதும் பலர் கிழங்கைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். பயன் முடிந்தது என்பது அவர் எண்ணம். ஆனால் நாம் கண்டு மகிழ்ந்த மலர் அச்சில வாரங்களில் உண்டானதன்று. அதன் கரு பல மாதங்களுக்கு முன்பே கிழங்கினுள் உருவாகி உறங்கிக் கிடந்தது. நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்பது பெரும்பாலும் அக்கிழங்கின் கணக்கு. இலைகள் வெயிலில் ஈட்டிய செல்வமே மலராகச் செலவாகின்றது. ஆதலின் பூத்தண்டை மட்டும் அரிந்துவிட்டு, இலைகளுக்கு ஒளியும் நீரும் உரமும் தந்து, இலையுதிர் காலத்தில் நீரை நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் 8 முதல் 10 வாரங்கள் ஓய்வளித்தால் அது மீண்டும் மலரும்.

இதற்குச் சான்றாக ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில், அன்று லங்காஷயரைச் சேர்ந்திருந்த பிரெஸ்கட் என்னும் ஊரில், ஆதர் ஜோன்சன் என்ற கடிகாரத் தொழிலாளி 1799 இல் இருவகைச் செடிகளை இணைத்து இம்மலரின் முதற் கலப்பினத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அவருடைய கண்ணாடி வீடு அழிந்தது; செடி அழியவில்லை. அதனை அவர் லிவர்பூல் தாவரவியற் பூங்காவுடன் பகிர்ந்துகொண்டிருந்தமையே காரணம். தாய்க்கிழங்கின் அருகே கிளைக்கும் சேய்க்கிழங்குகளாகப் பிரிந்து, கைமாறிக் கைமாறி, அது இன்றும் அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களிற் பூக்கின்றது. மலர் வாடியதும் எறிந்திருந்தால் இந்த இருநூற்றாண்டு வாழ்வு ஏது?

மலரைப் போற்றுவார் பலர். மலர் நீங்கியபின் இலையைப் பேணுவார் சிலரே. அடுத்த மலர் அச்சிலரின் சன்னலிலேதான் விரியும்.