'எதிரொலி'யையும் திரும்பக் கொடுங்க!

பொதிகை, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆனபோது 'ஒளியும் ஒலியும்' திரும்ப வருகிறது என்று அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனா வெள்ளிக்கிழமை பாட்டுக்கு ஏங்கின காலமெல்லாம் போயாச்சு. பேத்தி செல்போனைத் தட்டினா எந்தப் பாட்டும் வருது.

எனக்கு வேண்டியது 'எதிரொலி'. சென்னைத் தொலைக்காட்சி இயக்குநராக இருந்த ஏ. நடராஜன், நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார். பாராட்டு மட்டுமில்லை, குறையும் வரும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிட்டு வந்த கையோட, 15 பைசா கார்டில் மனசில் பட்டதை எழுதிப் போட்டிருக்கோம். படிப்பாங்களான்னு காத்திருப்போம். வேறு ஊர்க்காரி கேட்டாலும் பாதி நாள் அது எங்க கேள்வியாத்தான் இருக்கும்!

இன்றைக்கு ஒரு தொடர் திடீர்னு மதியத்துக்கு மாறுது, இல்லாட்டி நின்னே போகுது. யாரிடம் கேட்க? 'டிஆர்பி இல்லை' என்று பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறோம். வீட்டுப் பெண்களை நம்பித்தானே இத்தனை விளம்பரமும்?

டிடி தமிழே தொடங்கி வைக்கட்டும். வாரம் அரை மணி நேரம் போதும். பொறுப்பில் உள்ளவரே உட்கார்ந்து பதில் சொல்லணும். வாட்ஸ்அப் குரலையும் சேர்த்துக்கிட்டா, எழுத வராத எங்க மதினிமாரும் நாலு கேள்வி கேட்பாங்க.

- ஒரு வாசகி, எட்டயபுரம்.