எலக்ட்ரிக் கார் வாங்கி டாக்ஸி விடலாமா? கம்மாபுரம் நண்பருக்காக ஒரு முழு கணக்கு



போன வாரம் ஒரு கேள்வி வந்துச்சு. கேட்டவருக்கு ஊர் கம்மாபுரம். நெய்வேலியில ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 34,000 ரூபாய். "எலக்ட்ரிக் கார் ஒன்னு லோன்ல எடுத்து, டிரைவர் போட்டு டாக்ஸியா விடலாம்னு இருக்கேன். பெட்ரோல் செலவு கிடையாது, இஎம்ஐ-ய வண்டியே கட்டிடும், அஞ்சு வருஷத்துல வண்டி நம்மளுது. எந்த மாடல் எடுக்கலாம்?"

இதே கேள்வி வேற வேற ஊர்ல இருந்தும் வருது. அதனால இந்த நண்பரோட ஊரையும் சம்பளத்தையும் வச்சே முழுசா கணக்கு போட்டுப் பார்த்துடலாம். மாடல் பேரை கடைசியாத்தான் பார்க்கணும். முதல்ல தெரிய வேண்டியது, வண்டி தினம் எங்க போகும், ராத்திரி எங்க சார்ஜ் ஆகும்ங்கறதுதான்.

1. ரேஞ்ச்: விளம்பர நம்பரை மறந்துடுங்க

டாடா டியாகோ இவி 24 யூனிட் பேட்டரி வண்டி 2022-ல வந்தப்போ சொன்ன ரேஞ்ச் 315 கி.மீ. பஞ்ச் இவி 35 யூனிட் வண்டி 2024-ல வந்தப்போ 421 கி.மீ.ன்னு சொன்னாங்க. அதே பஞ்சுக்கு, கொஞ்சம் வேகமான ஓட்டத்தையும் சேர்த்து டெஸ்ட் பண்ற புது முறையில வந்த நம்பர் 365. வண்டி ஒன்னுதான், டெஸ்ட் மாறினா நம்பரும் மாறுது. அதனால ரெண்டு வண்டியை ரேஞ்ச் நம்பரை வச்சு ஒப்பிடாதீங்க, பேட்டரி அளவை வச்சு ஒப்பிடுங்க.

என் கணக்கு சிம்பிள். ஏசி போட்டு, நாலு பேர் லக்கேஜோட, மெயின் ரோட்டுல போனா ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ராத்திரி ஃபுல் சார்ஜ் பண்ணி, 15% மிச்சம் இருக்கும்போது திரும்ப வீட்டுக்கு வந்துடணும். அதாவது பேட்டரியில 85% தான் நம்ம கையில இருக்கு.

- 24 யூனிட் பேட்டரி: சுமார் 143 கி.மீ.
- 35 யூனிட் பேட்டரி: சுமார் 208 கி.மீ.
- 38 யூனிட் பேட்டரி (எம்ஜி விண்ட்சர் மாதிரி): சுமார் 226 கி.மீ. வண்டி பெருசுங்கறதால இதுல இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

இப்போ கம்மாபுரத்துல இருந்து என்னென்ன சவாரி வரும்னு பாருங்க. விருத்தாசலம் ஜங்ஷன்ல ரயில் பிடிக்க விடறது, நெய்வேலி டவுன்ஷிப், சிதம்பரம். இதெல்லாம் போய்வர 100 கி.மீ.க்குள்ள முடிஞ்சிடும், 24 யூனிட்டே போதும். பாண்டிச்சேரி ஜிப்மருக்கு நோயாளியை கூட்டிட்டுப் போய் வரணும்னா, போகவர 175 கி.மீ. பக்கம் வரும். 24 யூனிட் வண்டி நடுவுல சார்ஜ் போட்டே ஆகணும், 35 யூனிட் வண்டி தாண்டிடும். சென்னை ஏர்போர்ட் டிராப்னா போகவர 400 கி.மீ.க்கு மேல. இந்த விலையில இருக்கற எந்த வண்டியும் நடுவுல சார்ஜ் போடாம வராது.

நடுவுல சார்ஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? டியாகோ இவி மாதிரி வண்டி நல்ல ஃபாஸ்ட் சார்ஜர்ல 10-ல இருந்து 80% ஏற சுமார் ஒரு மணி நேரம். டாக்ஸிக்காகவே 2021-ல வந்த டாடா எக்ஸ்பிரஸ்-டி 21.5 யூனிட் வண்டிக்கு 80% ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு கம்பெனியே சொன்னது. பழைய வண்டி சீப்பா கிடைக்குதேன்னு எடுக்கறவங்க இதை கட்டாயம் பார்க்கணும். ஃபிளைட்டைப் பிடிக்கப் போற கஸ்டமர் அவ்வளவு நேரம் சார்ஜர் பக்கத்துல உட்கார மாட்டார்.

2. கரண்ட் செலவு: பக்கத்துல சுரங்கம், ஆனா பில் எல்லாருக்கும் ஒன்னுதான்

நெய்வேலி கரண்டுக்குப் பேர்போன இடம். 1962-ல இருந்து அங்க மின்சாரம் தயாராகுது. ஆனா கம்மாபுரத்துல வீட்டு ஈபி பில்லு தமிழ்நாட்டுல மத்த ஊருக்கு எப்படியோ அப்படித்தான். "முதல் 100 யூனிட் ஃப்ரீ" டாக்ஸி ஓட்டறவருக்கு எந்த மூலைக்கும் பத்தாது.

தினம் 150 கி.மீ., மாசம் 26 நாள்னு வச்சா மாசம் 3,900 கி.மீ. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் கரண்ட் வீணாகும். அதனால ஈபி மீட்டர்ல ஓடற ஒரு யூனிட்டுக்கு 6.2 கி.மீ.ன்னு எடுத்துக்கலாம். 80% சார்ஜ் வீட்டுல, 20% வெளியன்னா, ரெண்டு மாச பில்லுல வண்டிக்கு மட்டும் 1,000 யூனிட் ஏறும். வீட்டு உபயோகத்தோட சேர்த்தா மேல் ஸ்லாப்புக்குப் போயிடுவீங்க. 2024 ஜூலை கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேல யூனிட் 11.80 ரூபாய். எல்லா யூனிட்டுக்கும் இந்த ரேட் வராது, ஆனா ஏமாறாம இருக்க முழுசுக்கும் அதையே போடறேன்.

- வீட்டு சார்ஜ்: 11.80 ÷ 6.2 = கி.மீ.க்கு 1.90 ரூபாய்
- வெளி ஃபாஸ்ட் சார்ஜ்: யூனிட் 20 ரூபாய், மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 23.60. கி.மீ.க்கு சுமார் 3.40 ரூபாய்
- சிஎன்ஜி செடான்: கிலோ 90 ரூபாய், 24 கி.மீ. மைலேஜ்னு வச்சா 3.75 ரூபாய்

பார்த்தீங்களா? வீட்டுல சார்ஜ் பண்ணாத்தான் லாபம். முழுசா வெளிய சார்ஜ் பண்ணா சிஎன்ஜி-க்கும் இவி-க்கும் கி.மீ.க்கு 35 பைசாதான் வித்தியாசம். வாடகை வீடு, வண்டி தெருவுல நிக்கும்னா இவி டாக்ஸியை இதோட மறந்துடலாம்.

இன்னொன்னு. வாடகை வண்டிக்கு வீட்டு இணைப்புல சார்ஜ் போடலாமா, தனி இணைப்பு வாங்கணுமா, லோடு ஏத்தணுமா, இதை வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே ஈபி ஆபீஸ்ல கேட்டுடுங்க.

3. இஎம்ஐ: மிச்சமாகற காசு எங்க போகுது?

கணக்குக்காக இவி ஆன்-ரோடு 12 லட்சம், சிஎன்ஜி 8.75 லட்சம். ரெண்டுக்கும் 20% முன்பணம், 11% வட்டி, 60 மாசம். உங்க கொட்டேஷன்ல நம்பர் வேறயா இருந்தா மாத்திப் போட்டுக்கோங்க.

- இவி: லோன் 9.6 லட்சம், இஎம்ஐ சுமார் 20,873
- சிஎன்ஜி: லோன் 7 லட்சம், இஎம்ஐ சுமார் 15,220
- வித்தியாசம்: மாசம் 5,653

80-20 கலவையில இவி-க்கு கி.மீ.க்கு 2.20 ரூபாய், சிஎன்ஜி-க்கு 3.75. கி.மீ.க்கு மிச்சம் 1.55. மாசம் 3,900 கி.மீ.க்கு 6,045 ரூபாய் மிச்சம். அதுல 5,653 கூடுதல் இஎம்ஐ-க்கே போயிடுது. மீதி 392 ரூபாய்!

அதாவது தினம் 140 கி.மீ. ஓடினா ரெண்டும் சமம், அதுக்குக் கீழ ஓடினா லோன் முடியற வரைக்கும் இவி நஷ்டம். வண்டி விலை ஒரு லட்சம் கூடினா, அதை ஈடுகட்ட தினம் இன்னும் 43 கி.மீ. ஓட்டணும். "பெரிய பேட்டரி எடுத்துக்கலாம், சேஃப்டிக்கு"ன்னு ஷோரூம்ல சொல்லும்போது இந்த 43-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

4. வாரண்டி முதல்ல முடியும், லோன் அப்புறம்தான் முடியும்

டியாகோ இவி மாதிரி வண்டிகளுக்கு பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முதல்ல வருதோ அது. சொந்தமா ஓட்டறவருக்கு 8 வருஷம். டாக்ஸிக்கு? வருஷம் 46,800 கி.மீ. ஓடினா 41 மாசத்துல வாரண்டி காலி. லோன் 60 மாசம். கடைசி 19 மாசம் இஎம்ஐ-யும் கட்டணும், பேட்டரி ரிஸ்க்கும் உங்க தலையில. "லைஃப்டைம் பேட்டரி வாரண்டி"ங்கற விளம்பரம் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு வாங்கற முதல் ஓனருக்கு மட்டும்தான். வாரண்டி புக்ல வாடகை உபயோகத்துக்கு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

5. நிஜ கேள்வி: டிரைவர் போட்டா கட்டுப்படியாகுமா?

மாசச் செலவு:

- இஎம்ஐ 20,873
- டிரைவர் சம்பளம் 18,000
- கரண்ட் 8,580
- இன்ஷூரன்ஸ், எஃப்சி, டயர், சர்வீஸ் 8,000
- மொத்தம் 55,453

வண்டி 3,900 கி.மீ. ஓடினாலும் எல்லா கி.மீ.க்கும் காசு வராது. சவாரி ஏத்தப் போறது, காலியா திரும்பறது, சார்ஜருக்குப் போறது எல்லாம் உண்டு. 15% காலின்னு வச்சு, கி.மீ. 14 ரூபாய் வாடகைன்னா வரவு 46,410. அதாவது மாசம் 9,043 ரூபாய் கையை விட்டுப் போகும். 30% காலின்னா வரவு 38,220 தான், நஷ்டம் 17,233. 34,000 சம்பளத்துல பாதி!

டிரைவர் சம்பளம் இல்லாம வீட்டு ஆளே ஓட்டினா, 15% காலிக்கு மாசம் 8,957 மிச்சம், வண்டியும் சொந்தமாகுது. ஆனா அது ஓட்டறவரோட உழைப்புக்கான கூலி, முதலீட்டு லாபம் இல்ல. 30% காலின்னா அந்த மிச்சமும் 767 ரூபாய்க்கு இறங்கிடும். சும்மா இருந்து வர்ற வருமானம்னு இதுல ஒன்னும் கிடையாது.

6. பேப்பர் வேலையில நாலு விஷயம்

*நம்பர் பிளேட்:* வாடகை இவி-க்கு பச்சை போர்டுல மஞ்சள் எழுத்து. பச்சை போர்டுல வெள்ளை எழுத்துன்னா சொந்த வண்டி. சொந்த வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் கைவிட்டுப் போகும்.

*பர்மிட், வரி:* பேட்டரி வாடகை வண்டிக்கு பர்மிட் தேவையில்லைன்னு மத்திய அரசு 2018 அக்டோபர்லயே அறிவிச்சது. தமிழ்நாட்டோட 2023 இவி கொள்கையில சாலை வரி முழு விலக்கு 2025 டிசம்பர் 31 வரைன்னு இருந்தது. நீங்க வாங்கற தேதியில எந்த ஆணை நடப்புல இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு கொட்டேஷனை சரிபாருங்க. ஜிஎஸ்டி இவி-க்கு 5%. சின்ன பெட்ரோல், சிஎன்ஜி கார்களுக்கும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18%-ஆ குறைஞ்சிடுச்சு. பழைய வீடியோவுல பார்த்த விலை வித்தியாசம் இப்போ பொருந்தாது.

*வருமான வரி:* "இவி லோன் வட்டிக்கு 1.5 லட்சம் கழிவு"ன்னு இன்னும் ஃபார்வேர்டு வருது. அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள்ள அனுமதியான லோனுக்கு மட்டும்தான். டாக்ஸி வரவு தொழில் வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது. நீங்க பணம் கொடுத்து மனைவி பேர்ல வண்டி வாங்கினாலும் அந்த வருமானம் உங்க கணக்குலதான் சேரும்.

*வேலை:* பொதுத்துறையில நிரந்தர வேலையில இருக்கறவங்க, தனியா தொழில் பண்ண முன் அனுமதி வேணுமான்னு நடத்தை விதியைப் பாருங்க. கான்ட்ராக்ட் ஊழியரா இருந்தாலும் ஆஃபர் லெட்டரை ஒரு தடவை படிச்சுடுங்க.

7. மோசமான மாசத்துக்கு என்ன பிளான்?

கடலூர் மாவட்டத்துல இருக்கறவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்ல. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்போ பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல. 2024-ல ஃபெஞ்சல். கரண்ட் இல்லாத அன்னிக்கு இவி டாக்ஸி ஷெட்டுலதான் நிக்கும், ஆனா இஎம்ஐ தேதி நிக்காது. ஆறு மாச இஎம்ஐ, அதாவது சுமார் 1.25 லட்சம், முன்பணம் போக தனியா கையில இருக்கணும்.

ஒரே கம்பெனியை நம்பி இறங்கறதும் ஆபத்து. டெல்லி, பெங்களூருல ஆயிரக்கணக்குல இவி டாக்ஸி ஓட்டின புளூஸ்மார்ட் 2025 ஏப்ரல்ல சேவையை நிறுத்துச்சு. அதோட தொடர்புடைய ஜென்சோல் மேல செபி ஆணை போட்ட அடுத்த நாட்கள்லயே அது நடந்துச்சு. டிரைவர்களோட வருமானம் ஒரே வாரத்துல நின்னுபோச்சு.

சரி, அந்த நண்பருக்கு என்ன பதில்?

டிரைவர் போட்டு சைடு இன்கம்ங்கற பிளானை விட்டுடுங்க. 34,000 சம்பளத்துக்கு 20,873 இஎம்ஐ ரொம்ப பாரம்.

அண்ணனோ தம்பியோ ஏற்கனவே டாக்ஸி ஓட்டறவர், நிலையான கஸ்டமர் இருக்காங்க, சொந்த வீட்டுல வண்டி நிறுத்தி சார்ஜ் போட இடம் இருக்குன்னா யோசிக்கலாம். அப்பவும் உடனே புக் பண்ணாதீங்க. அவர் இப்ப ஓட்டற வண்டியிலயே 30 நாளைக்கு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க: எங்க போனார், எத்தனை கி.மீ., அதுல காலியா எவ்வளவு, நடுவுல எவ்வளவு நேரம் வண்டி நின்னுச்சு.

தினம் 140-க்கு மேல ஓடி, அதுல பெரும்பாலும் விருத்தாசலம், நெய்வேலி, சிதம்பரம்னு சின்ன சவாரியா பிரிஞ்சு, மத்தியானம் வீட்டுல ஒரு சார்ஜ் போட நேரமும் இருந்தா 24 யூனிட் சின்ன வண்டி. ஜிப்மர் சவாரி வாரத்துக்கு ரெண்டு மூணு வந்தா 35 யூனிட் பக்கம் பாருங்க, ஆனா அந்த 43 கி.மீ. கணக்கையும் போடுங்க. சென்னை சவாரிதான் அதிகம்னா இப்போதைக்கு சிஎன்ஜி-யே இருக்கட்டும்.

நோட்டு 20 ரூபாய். 12 லட்சத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதை வாங்குங்க.