நலமாயிருக்கும்போதே ஒரு நிய்யத்

"நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!"

ஜனாஸாத் தொழுகை முடிந்து, கபுரடியிலிருந்து திரும்பும் வழியில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், நாமும் சொல்லியிருக்கிறோம். வீட்டாரிடம் அமர்ந்து பேசும்போதுதான் வேறொரு செய்தி மெல்ல வெளிவரும். ஓராண்டாகவே மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று எண்ணி ஏதேதோ மருந்து வாங்கிச் சாப்பிட்டார். உடல் மெலிந்தபோது சர்க்கரை நோயாக இருக்கும் என்றார். பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாளில், பெருங்குடலில் தோன்றிய புற்று ஈரல்வரை பரவிவிட்டிருந்தது.

அவருடைய தவணை அது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அன்பு வாசகர்களே, எஞ்சியிருக்கும் நாம் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நோயை அது வெளிப்படுவதற்கு முன்பே கண்டறிய எளிய வழிகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் நம்மில் பெரும்பாலோர் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதுகூட இல்லையே, ஏன்? நினைப்பவர்களிலும் பலர் அதை நிறைவேற்றாமல் விட்டுவிடுகிறார்களே, அது ஏன்?

பத்தாண்டு அவகாசம்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், உலகில் காணப்படும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் மூன்றாம் இடத்தையும், உயிரிழப்பில் இரண்டாம் இடத்தையும் வகிக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேர் இதனால் இறந்தனர் என்பது உலகளாவிய மதிப்பீடு. மேலைநாடுகளை நோக்க இந்தியாவில் இதன் விகிதம் குறைவுதான். எனினும் நம் மக்கள்தொகை பெரிதாகையால், ஆண்டுதோறும் 60 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இங்கும் இதற்கு ஆளாகின்றனர்.

இந்நோய் பெரும்பாலும் ஒரே நாளில் வந்து தாக்குவதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் ஒரு சிறு சதைமுளை தோன்றுகிறது. மருத்துவர்கள் அதைப் பாலிப் என்பர். இத்தகைய முளைகளில் பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். சில மட்டும் வளர்ந்து புற்றாக மாறுகின்றன. அதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவுக்குக் காலம் பிடிக்கிறது. அக்காலத்தில் பெரும்பாலும் வலி இராது, பசி குறையாது, ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்து சென்று வருவார். ஆனால் அந்த முளையிலிருந்தோ, தொடக்க நிலையிலுள்ள புற்றிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியக்கூடும். அந்தக் கசிவைக் கண்டுபிடிப்பதே மலப் பரிசோதனையின் நோக்கம்.

ஃபிட் என வழங்கும் சோதனை மிக எளியது. வீட்டிலேயே, தனிமையில், சிறு குச்சியால் மலத்தில் தொட்டெடுத்துக் குப்பியிலிட்டு மூடி ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, மருத்துவர் முன் ஆடை விலக்கத் தேவையில்லை. இரத்தக்கசிவு தெரியவந்தால், அடுத்த படியாகக் கொலோனோஸ்கோப்பி என்னும் குழாய்வழிப் பரிசோதனை செய்வார்கள். அதில் முளை காணப்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். புற்றாக மாறுமுன்பே அதன் வேர் நீக்கப்படுகிறது என்பது எத்துணைப் பெரிய அருட்கொடை!

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவு 1993ஆம் ஆண்டில் வெளியானது. பழைய முறையிலான மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்துவந்தவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நோய் குடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள் என்றும், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரெனில் ஏழில் ஒருவர் அளவே வாழ்கிறார் என்றும் அந்நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

வாசலுக்கு வந்தும் வராதவர்கள்

நலமாக இருப்பவர்கள் சோதனைக்கு வரத் தயங்குவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வாழும் தெருக்களுக்கே அனுப்பினர். கட்டணம் இல்லை. ஆனாலும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. காரணத்தை ஆராய்ந்தார் காட்ஃபிரி ஹாக்பாம் என்னும் உளவியலாளர். 'இந்நோய் எனக்கும் வரலாம்' என்ற உணர்வும், 'முன்னரே கண்டறிந்தால் பயனுண்டு' என்ற நம்பிக்கையும் ஒருங்கே உடையவர்களில் 100க்கு 82 பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இவ்விரண்டும் இல்லாதவர்களில் எடுத்திருந்தோர் 21 பேர் மட்டுமே. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், குடல் புற்றுநோய்ச் சோதனைக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என ஆராய்பவர்கள் அந்த இரண்டு கேள்விகளிலிருந்தே இன்றும் தொடங்குகின்றனர்.

இனி, நம் இல்லங்களில் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, "எனக்கு ஒன்றுமில்லையே" என்பது. இச்சோதனை ஒன்றுமில்லாதவர்களுக்காகவே ஏற்பட்டது. இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கிறது, காரணமின்றி எடை குறைகிறது, சோகை தட்டுகிறது என்றால் அவர் ஃபிட் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரத்தம் கண்டதும் மூலம் என்று தாமே முடிவுகட்டி, சுவரொட்டியில் பார்த்த முகவரியைத் தேடிப்போவது நம்மிடையே உள்ள ஆபத்தான வழக்கம். மூலமாகவே இருக்கலாம், அதை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இரண்டாவது, அச்சம். "இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? தெரியாமலிருப்பதே நிம்மதி" என்கிறார்கள். இந்த நிம்மதி கடன் வாங்கிய நிம்மதி. வட்டியோடு திருப்பிக் கேட்கும். மேலும், சோதனையில் இரத்தம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அவ்வாறே, இல்லை என்று வந்த முடிவும் வாழ்நாள் முழுமைக்கும் அளிக்கப்பட்ட உறுதிச் சீட்டன்று. அதனால்தான் ஆண்டுக்கொரு முறையோ, இரண்டாண்டுக்கொரு முறையோ இதைத் திரும்பச் செய்கிறார்கள்.

மூன்றாவது, வெட்கமும் அசுத்தம் பற்றிய கூச்சமும். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். ஆனால் மலசலம் கழித்தபின் எவ்வாறு தூய்மை செய்வது என்பதைக்கூட வெட்கமின்றிக் கற்றுத்தந்த மார்க்கமும் நம்முடையதே. அசுத்தம் பட்டால் கழுவிக்கொள்ளும் முறை ஓதப்போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும். கொலோனோஸ்கோப்பி தேவைப்பட்டால், ஆணுக்கு ஆண் மருத்துவரையும் பெண்ணுக்குப் பெண் மருத்துவரையும் கேட்டுப் பெற முயலலாம். மருத்துவத் தேவைக்காக உடலைக் காட்டுவது பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள்; கேட்காமலே 'கூடாது' என்று முடிவு செய்யாதீர்கள்.

நான்காவது, "விதித்தபடி நடக்கும்" என்பது. விதியை நம்புவது ஈமானின் அங்கம். அதை நம்மைவிட நன்கறிந்தவர் உமர் (ரலி) அவர்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தபோது, இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா மறுமொழி பகர்ந்த வரலாறு நாம் அறிந்ததே. நோய் அவன் விதி என்றால், அதைக் கண்டறியும் வழியும் அவன் விதித்ததே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும், மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்ததும் இதையே உணர்த்துகின்றன.

ஐந்தாவது காரணத்தைப் பெரும்பாலும் பெண்கள் சொல்கிறார்கள். உண்மையில் அவர்கள் சொல்வதுகூட இல்லை. கணவர் வெளிநாட்டில், பிள்ளைகளுக்குத் தேர்வு, மாமியாருக்கு முழங்கால் வலி. வீட்டில் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் உம்மாவுக்குத் தம் பெயரில் ஒரு சீட்டும் இராது. இது ஆண்களின் நோய் என்ற தவறான எண்ணமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இருபாலரையும் தாக்கும் நோய் இது.

மறைக்கப்படும் பெயர்

இவையெல்லாவற்றையும்விட வேதனை தருவது மற்றொன்று. நம் குடும்பங்களில் இந்நோயின் பெயரே சொல்லப்படுவதில்லை. "வயிற்றில் கட்டி" என்பார்கள். "குடலில் புண்" என்பார்கள். பெண் கொடுக்க, பெண் எடுக்கத் தடையாகுமோ என்ற அச்சத்தில் அந்தப் பெயர் ஜனாஸாவோடு சேர்த்து அடக்கப்பட்டுவிடுகிறது. விளைவு என்ன? வாப்பாவுக்கு எந்த நோய் இருந்தது என்பதை அவருடைய மக்களே அறியாமல் வளர்கிறார்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு முன்னதாகவே சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். 40 வயதிலோ, அல்லது உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிற்குப் பத்தாண்டுகள் முன்னரோ, இவற்றுள் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். தந்தைக்கு 46 வயதில் கண்டறியப்பட்டதென்றால், மகன் தன் 36ஆம் வயதிலேயே மருத்துவரிடம் பேச வேண்டும். உண்மையை மறைத்துவிட்டால் அந்த மகன் எப்படிப் பேசுவான்? சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாம் இந்தச் செய்தியையும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அது அவர்களுக்குரிய அமானிதம்.

நிய்யத்துக்கு ஒரு நேரம்

இவ்வளவும் அறிந்து, 'செய்யத்தான் வேண்டும்' என்று எண்ணியவர்களின் நிலையைப் பாருங்கள். போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்து செய்துகொண்டவர்கள் 100க்கு 42 பேர்தான். அழைப்பு வீடு தேடி வந்தும், பாதிக்கு மேற்பட்டோர் போகவில்லை.

எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதிய பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர், 'என்று, எங்கே, எப்படி' என்பதை முன்னரே உறுதி செய்துகொள்பவர்களே பெரும்பாலும் எண்ணியதை முடிக்கிறார்கள் என்று 1999இல் எடுத்துக்காட்டினார். நமக்கு இது புதிய செய்தியா? ரமளான் நோன்பின் நிய்யத்துக்கு இரவென்று ஒரு நேரம் உண்டு. தொழுகையின் நிய்யத்தைத் தொடர்ந்து தக்பீர் உண்டு. ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தவர் மருத்துவச் சான்றையும் தடுப்பூசியையும் முகம் சுளிக்காமல் ஏற்கிறார். ஏனெனில் பயண நாள் குறிக்கப்பட்டுவிட்டது. நாள் குறிக்காத எண்ணம் வெறும் ஆசையாகவே நின்றுவிடும்.

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு ஈராண்டுக்கொரு முறை இச்சோதனைக் குப்பி தபாலிலேயே அனுப்பப்படுகிறது. அந்நாட்டில் இத்திட்டத்தை முன்னோட்டமாக நடத்திய காலத்தில், தெற்காசிய வம்சாவளியினரிடையே, குறிப்பாக முஸ்லிம்களிடையே, பங்கேற்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது என்பது நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. சிங்கப்பூரிலும் 50 வயதைக் கடந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் குப்பியை இலவசமாகப் பெறலாம். அங்கே வாழும் நம் உறவினர்கள் அதை அலமாரியில் வைத்து மறந்துவிட வேண்டாம். இந்தியாவில் அரசின் புற்றுநோய் முன்சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே நோக்குகிறது. ஆகவே இங்கு அழைப்பு வராது. நாமே கேட்க வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். இந்த இதழை மூடிவைக்குமுன் வீட்டில் 50 வயதைக் கடந்தவர் யார், குடும்பத்தில் இந்நோய் யாருக்கேனும் வந்ததுண்டா என்று பேசுங்கள். நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, "இச்சோதனை எனக்குத் தேவையா?" என்று அன்று மருத்துவரிடம் கேளுங்கள். உம்மாவுடன் யார் போவது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். மஹல்லா ஜமாஅத்தார் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் மருத்துவர் ஒருவரைப் பேசச் செய்தால், நூறு வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கும்.

முடிவு அவன் கையில். முயற்சி நம் கையில். உடல்நலம் என்னும் அமானிதத்தை அதன் உரிமையாளனிடம் திருப்பித் தரும் நாள்வரை பேணிக் காக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.