தனி டம்ளர் எதற்கு?

திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூரில் தேர்த் திருவிழாவுக்காகப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணை ஓரம் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்திருந்தது.

"பாத்திரம் தேய்க்க வர்றவளுக்கு. அவளுக்கு எச்.ஐ.வி.ன்னு ஊரே பேசுது. ஒரு மாசமா இருமல் வேற. ஒட்டிக்காதா?" என்றார் பெரியம்மா.

எச்.ஐ.வி. டம்ளரில் ஒட்டாது, இருமலிலும் பரவாது. ஆனால் அந்த ஒரு மாத இருமல்தான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் சமண வீடுகளில் துணியில் வடிகட்டாத தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. மூச்சுக் குழாயிலும் அப்படி ஒரு வடிகட்டி உண்டு. பிசுபிசுப்பான சளிப் படலம் தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். (விறகடுப்புப் புகை இந்த இழைகளைக் கெடுக்கும், ஞாபகம் இருக்கட்டும்!) தப்பி நுரையீரலுக்குள் இறங்கும் கிருமிகளை விழுங்கிக் கொல்ல அங்கே பெரிய செல்கள் காத்திருக்கின்றன. இவர்களை ஏவி வேலை வாங்குவது சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள். வீட்டில் மாமியார் மாதிரி என்று வையுங்களேன்!

எச்.ஐ.வி. அழிப்பது இந்த சி.டி.4 அணுக்களைத்தான். விழுங்கும் செல்களுக்குள்ளும் அது புகுந்துகொள்கிறது. ஏவ ஆள் இல்லாமல் காவல் தளர்கிறது. நிமோனியா எளிதில் வருகிறது. நம்மில் எத்தனையோ பேர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்கும் காசநோய்க் கிருமியும் விழித்துக்கொள்கிறது. இவர்களுக்குச் சில சமயம் சளியில் கிருமி தென்படாது, எக்ஸ்ரேயும் தெளிவாகக் காட்டாது. 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடக் கூடாது.

காசநோய்க்கென்று டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம்தான் பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமானது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவச கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில இடங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்தை விடாமல் சாப்பிட்டால் சி.டி.4 அணுக்கள் பெருகும், நுரையீரலின் காவலும் பெருமளவு திரும்பும். கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

"இருமல்ல பரவுறது காசநோய் பெரியம்மா. அதுக்கு மருந்து இருக்கு. சன்னலைத் திறந்து வை, அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். பரிசோதனையில் காசநோய்தான். அதற்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்தே வைத்தியம் ஆரம்பித்தார்கள். அவளுடைய பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள்.

போன வாரம் பெரியம்மா போன் செய்தார்.

"மூணு கிலோ ஏறிட்டா. காப்பியில சர்க்கரை பத்தலைன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றா!"

"எந்த டம்ளர்ல பெரியம்மா?"

"நம்ம டம்ளர்லதான், போடீ!"