உள்ளே போன குறிப்பு வெளியே வருமா, தெரியுமா?

குரூப் 4-க்குப் படிக்கிறீர்களா? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, இரவு உட்கார்ந்து அரியர் பேப்பருக்குத் தயாராகிறீர்களா? பிள்ளையின் ஃபீஸ் தேதி, சீட்டுப் பணம், கேஸ் புக்கிங் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே சுமக்கிறீர்களா? மேனாம்பேட்டில் இருந்தாலும் சரி, ஆவடி, பூந்தமல்லியில் இருந்தாலும் சரி, உங்கள் போனிலேயே ஒரு நோட்ஸ் ஆப் ஏற்கெனவே இருக்கும். பிளே ஸ்டோரைத் திறந்தால் இன்னும் நூறு இருக்கும். எதை எடுப்பது? முடிவெடுக்கும் முன் இந்தப் பத்து ஆச்சரியங்களையும் படித்துவிடுங்கள்!

1. மேகம் நம் ஊர்த் தரையிலேயே இருக்கிறது, தெரியுமா?

"கிளவுடில் சேவ் ஆகிவிட்டது" என்கிறோம். அந்த மேகம் வானத்தில் இல்லை. கான்கிரீட் கட்டடத்தில், ஏசி குளிரில், ஜெனரேட்டர் காவலில் இரவு பகலாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள்தான் அது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒரு காலத்தில் லேத் பட்டறைக்கும் உதிரி பாகங்களுக்கும் பெயர் போனது. இன்று அதே அம்பத்தூரில் ஜப்பானிய நிறுவனமான என்டிடி-யின் பிரம்மாண்டமான டேட்டா சென்டர் நிற்கிறது! கிளவுடில் போட்ட குறிப்பு என்றால், யாரோ ஒருவருடைய கட்டடத்தில், யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிற குறிப்பு. அதனால்தான் முதல் கேள்வியே இது: அங்கே வைத்ததை நினைத்த நேரத்தில் முழுசாகத் திரும்ப எடுக்க முடியுமா?

2. 25 ஆண்டுகள் விடாமல் குறிப்பெழுதிய தமிழர், தெரியுமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் எழுதத் தொடங்கியவர், 1761-ல் இறக்கும் வரை எழுதினார். கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, அரண்மனைப் பேச்சு, யுத்தச் செய்தி எல்லாம் தமிழில், அன்றாடத் தமிழில்! அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான், 1846-ல், அந்தக் குறிப்புகள் வெளியே தெரியவந்தன. யாரோ கண்டெடுத்துப் படியெடுத்தார்கள். பிறகு அச்சானது, ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகவும் வந்தது. இன்று 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. எழுதியது அவர் உழைப்பு. நிலைக்க வைத்தது நகல்!

3. ராமானுஜனின் நோட்டும் நகலால்தான் உலகைச் சுற்றியது, தெரியுமா?

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜனுக்குக் காகிதம் கட்டுப்படியாகவில்லை. கணக்கைக் கற்பலகையில் போட்டு அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அப்படிச் சேர்ந்தவை 3,000-க்கும் மேல்! 1957-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் அந்த நோட்டுகளைப் பக்கத்துக்குப் பக்கம் படமெடுத்து அப்படியே அச்சிட்டது. அதன் பிறகு உலகெங்கும் கணித அறிஞர்கள் உட்கார்ந்து நிரூபணம் தேடினார்கள். அவருடைய கடைசிக் காலத் தாள்களோ கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976-ல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கிற குறிப்பு, எவ்வளவு பெரிய மேதையுடையதாக இருந்தாலும் காணாமல் போகும்!

4. உலகப் புகழ் ஆப்பும் ஒரே நாளில் கதவைச் சுருக்கும், தெரியுமா?

2008-ல் வந்த எவர்நோட், யானைச் சின்னத்தோடு உலகையே கலக்கியது. 2016-ல் இலவசக் கணக்குக்கு இரண்டு சாதனங்கள் மட்டும் என்றார்கள். பிறகு நிறுவனம் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் கைக்கு மாறியது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு வந்தது. ஐம்பதே ஐம்பது! ஒரு பருவத்துப் பாடத்துக்கே போதாது. கூகுள் மட்டும் விதிவிலக்கா? 2006-ல் அது தொடங்கிய கூகுள் நோட்புக் 2012-ல் மூடப்பட்டது. 2013-ல் கூகுள் கீப் வந்தது. இதில் யார் மீதும் கோபப்பட வேண்டியதில்லை. கம்பெனி மாறும், விலை மாறும், விதி மாறும். நம் குறிப்பு நம்மோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

5. தமிழில் அடித்ததே தமிழில் தெரியாமல் போன காலம் உண்டு, தெரியுமா?

பழைய பிடிஎஃப் வினாத்தாளிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து நோட்ஸில் பேஸ்ட் செய்து பாருங்கள். பல சமயம் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பை வந்து விழும்! காரணம், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் தமிழ் மாதிரி தெரிந்தாலும் உள்ளே கம்ப்யூட்டருக்கு அது தமிழ் இல்லை. யூனிகோடு தரத்தில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் அடித்த எத்தனையோ குறிப்புகளைத் திறக்க இன்றும் எழுத்துரு மாற்றி தேட வேண்டியிருக்கிறது. யூனிகோடில் மட்டும் சேமியுங்கள். உங்கள் பேரப்பிள்ளையின் போனிலும் அது திறக்கும்!

6. "மேனாம்பேடு" எத்தனை எழுத்து, தெரியுமா?

மே, னா, ம், பே, டு. நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் எண்ணினால் 10 குறியீடுகள்! மெய்க்கு ஒன்று, அதோடு வருகிற காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ ஒன்று. வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட்டுகள்! இன்னும் பெரிய ஆச்சரியம் பக்கத்து ஊரில் இருக்கிறது. கொரட்டூரின் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு "ொ" என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம், அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆப் சரியாகச் செய்யப்படாவிட்டால், ஒரு விதமாகச் சேமித்ததை இன்னொரு விதமாகத் தேடும்போது "இல்லை" என்று சொல்லிவிடும்! ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் போட்டு அடித்தாலும் இதே கதிதான். எனவே ஆப் எடுத்ததும் தமிழில் தேடிப் பார்ப்பது முதல் சோதனை.

7. புள்ளி வைக்கிற வேலையைக் கீபோர்டே செய்யும், தெரியுமா?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியாக வந்தது தமிழ்99 விசைப்பலகை. உயிர் எல்லாம் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். "ப"வை இரண்டு முறை தட்டினால் முதல் பகரத்துக்குப் புள்ளி தானாக விழும். "ங"வுக்குப் பின் "க", "ந"வுக்குப் பின் "த" தட்டினாலும் அப்படியே! ஐபோனில் 2013 முதல் தமிழ்99-உம் அஞ்சல் விசைப்பலகையும் கூடவே வருகின்றன. தட்டவே நேரமில்லையா? கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 ஆகஸ்டிலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில், அன்று படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லியே ஒரு பக்கம் ஏற்றிவிடலாம்!

8. நெட் போனால் சில ஆப்பும் கூடவே போகும், தெரியுமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. பல இடங்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. தரையோடு வைத்த காகித நோட்டு நனைந்தது. நெட் இருந்தால் மட்டுமே திறக்கிற ஆப்பும் பயன்படவில்லை. அழகான அட்டவணையும் திட்டமிடலும் செய்து தருகிற நோஷன், பக்கங்களை ஆஃப்லைனில் வைத்து வேலை செய்கிற வசதியை 2025 ஆகஸ்டில்தான் தந்தது! கீப், ஒன்நோட், ஜோஹோ நோட்புக் போன்றவை போனிலும் ஒரு பிரதி வைத்திருக்கும். இன்றே ஏரோபிளேன் மோடு போட்டு உங்கள் குறிப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த ஆப்பை நம்பலாம்.

9. கம்பெனியே மூடினாலும் திறக்கிற குறிப்பு இருக்கிறது, தெரியுமா?

2004-ல் ஜான் குரூபர் என்பவர் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து முறையை வெளியிட்டார். தலைப்புக்கு முன் ஒரு # குறி, தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் இரண்டு நட்சத்திரம். அவ்வளவுதான்! 2020-ல் கனடாவிலிருந்து எரிக்கா ஷூ, ஷிடா லீ இருவரும் வெளியிட்ட அப்சிடியன் ஆப், எல்லாவற்றையும் இந்த மார்க்டவுன் கோப்புகளாக உங்கள் சாதனத்திலேயே வைக்கிறது. நாளைக்கே அப்சிடியன் மறைந்தாலும், எந்தக் கம்ப்யூட்டரின் நோட்பேடிலும் அது திறக்கும். ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போடலாம்: "சங்க கால நாணயம்" பக்கத்திலிருந்து "கீழடி" பக்கத்துக்கு ஒரே தட்டு! 2017-ல் வந்த ஜாப்ளினும் மார்க்டவுனை நம்பி நிற்கிற இலவச ஓபன் சோர்ஸ் ஆப்.

10. நம் சென்னையிலிருந்தே ஒரு நோட்ஸ் ஆப் உலகம் போயிருக்கிறது, தெரியுமா?

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. ஸ்ரீதர் வேம்புவின் அந்த நிறுவனம் 2011-லிருந்து தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் மென்பொருள் எழுத வைக்கிறது. 2016-ல் அது கொண்டுவந்தது ஜோஹோ நோட்புக். எழுத்து, செய்ய வேண்டியவை, குரல், படம், கோட்டோவியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை. விளம்பரத் தொல்லை இல்லை. அடிப்படைப் பயன்பாடு இலவசம். ஜோஹோவின் இந்திய டேட்டா சென்டர்கள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. எவர்நோட்டிலிருந்து குறிப்புகளை இழுத்துக்கொண்டு வரும் வசதியும் உண்டு. தூக்கிக்கொண்டு வர முடிந்தால்தானே இடம் மாற முடியும்!

எழுதி வைத்தால் மட்டும் போதாது, தெரியுமா?

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் மீதே சோதனை செய்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மறதி குறையும். அதைத்தான் 2006-ல் வந்த ஆங்கி ஆப் செய்கிறது: தெரிந்த கேள்வி அட்டை பல நாள் கழித்து வரும், தெரியாதது சீக்கிரம் திரும்ப வரும். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதிக்கே. திருக்குறளின் 133 அதிகாரங்களின் பெயரை மனதில் நிறுத்த இதைவிட நல்ல துணை இல்லை. 2014-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே தட்டினார்கள், கையால் எழுதியவர்கள் புரிந்துகொண்டு சுருக்கினார்கள் என்றது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. நமக்கு வேண்டிய சாரம் இதுதான்: பேனாவோ கீபோர்டோ, சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

சரி, எதை எடுப்பது?

பால் கணக்கு, சீட்டுத் தேதி, கடைப் பட்டியல் என்றால் கூகுள் கீப் போதும். பாடம், படம், குரல் எல்லாம் கலந்து வேண்டுமா? ஜோஹோ நோட்புக் அல்லது ஒன்நோட். மூன்று நான்கு ஆண்டு நீளும் போட்டித் தேர்வுப் படிப்பா? அப்சிடியன் அல்லது ஜாப்ளின். மாத வாரியாக அட்டவணை போட்டுத் திட்டமிடப் பிடிக்குமா? நோஷன். மனப்பாடத்துக்கு ஆங்கி. வாட்ஸ்ஆப்பில் 2022 நவம்பர் முதல் தனக்குத் தானே செய்தி அனுப்பலாம். அவசரத்துக்குக் குறித்து வைக்க அருமையான இடம். ஆனால் படிப்புக் குறிப்பை அங்கேயே விட்டுவிடாதீர்கள், அன்றிரவே உரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

எதை எடுத்தாலும், முதல் வாரமே ஐந்தாறு குறிப்பு மட்டும் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடுங்கள். கீப் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்கலாம். நோஷன் மார்க்டவுனாகத் தரும். வெளியே எடுத்த கோப்பை வேறு ஒரு போனில் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிகிறதா, சேர்த்த படம் கூடவே வந்ததா என்று பாருங்கள். வந்தால் தயங்காமல் ஆயிரம் பக்கம் எழுதுங்கள். வராவிட்டால் அந்த ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிறகு மாதம் ஒரு நாள், சம்பளத் தேதியோ முதல் ஞாயிறோ, முழுக் குறிப்பையும் எடுத்துப் பென் டிரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். உங்கள் உழைப்பு எந்தக் கம்பெனியின் தயவிலும் இருக்க வேண்டியதில்லை!