ஆனேக்கல்லில் அயல்வீட்டுச் சுவை

பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளை நாடி ஆனேக்கல் வட்டத்தில் குடியேறிய நம்மவர் பலர், நம்மூர்ச் சாம்பாருக்காகக் கடை கடையாக அலைகின்றனர். இவ்வூர்ச் சாம்பார் இனிக்கிறது என்பது அவர்தம் குறை. அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்நாட்டின் சிறந்த உணவு சாம்பாரன்று.

'மிலிடரி ஓட்டல்' என்ற பலகை கண்டால் நண்பகலில் தயங்காது நுழையலாம். பட்டாளத்தைத் தேட வேண்டா. புலால் உணவு கிடைக்கும் என்பதே அதன் பொருள். அங்கு ராகி முத்தெயும் ஆட்டுக்கறிச் சாறும் நல்ல இணை. புலால் உண்ணாத அன்பர்கள் சிறு உணவு விடுதிகளில் 'பஸ்ஸாரு' உண்டா எனக் கேட்க வேண்டும். பருப்பும் கீரையும் வெந்த நீரை வடித்து, அரைத்த மசாலை கூட்டிக் கொதிக்க வைப்பது அது; வடித்த கீரையும் பருப்பும் தாளிக்கப்பெற்றுப் பொரியலாய் உடன் வரும். முத்தெயை மெல்லலாகாது; கிள்ளி உருட்டி, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பிதுக்கிய அவரைப் பருப்புச் சாறு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தருமபுரி, கிருட்டினகிரி அன்பர்களுக்கு இது வீட்டுக் களிதான். 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலும் ஆனேக்கல் மைசூர் மாநிலத்திலும் அமைந்தன; அடுப்பு இரண்டாகவில்லை. தஞ்சை, நெல்லைக் குடும்பத்துப் பிள்ளைகளோ, தோழர் வீட்டில் முத்தெயைக் கண்டு முகஞ்சுளிப்பதாகக் கேள்விப்படுகிறோம். அன்புடன் அழைத்த வீட்டார்க்கு அது எத்துணை வருத்தம்! ஞாயிறுதோறும் ஓசூருக்குப் பஸ் ஏறும் குடும்பங்கள், ஒரு ஞாயிறு இங்கேயே பிள்ளைகளோடு இலைமுன் அமரட்டும். முதல் உருண்டையைச் சிறிதாக எடுக்கச் சொல்லுங்கள்.