ஐயம் நோயாகும்போது

அவதானம் வாழ்வுக்கு வேண்டிய குணமே. ஆனால், ஆதாரமின்றி அனைவரையும் ஐயுறுதல் ஒருவரது இயல்பாகவே நிலைத்துவிடின், அதனை ஐயுறவு ஆளுமைக் கோளாறு என்பர் உளமருத்துவர். நண்பரின் நகைச்சுவை அவமதிப்பாகவும், மனைவியின் மௌனம் துரோகமாகவும் அவருக்குத் தோன்றும். பழைய மனத்தாங்கலோ ஆறாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைந்நூல் இதற்கு 7 அறிகுறிகளைக் கூறுகின்றது. அவற்றுள் 4 அறிகுறிகளேனும் காணப்படல் வேண்டும்.

இதற்கெனத் தனி மருந்து இல்லை. உரையாடல்வழிச் சிகிச்சையே முதன்மையானது. ஆயின், நோயாளர் மருத்துவரையும் ஐயுறுவாரன்றோ? ஆகவே, மருத்துவர் எதனையும் மறைப்பதில்லை. ஐயத்தை ஆமோதிப்பதுமில்லை, வாதிட்டு மறுப்பதுமில்லை. நடந்ததற்கு வேறு விளக்கமும் இருக்கலாமோ என அவரையே ஆராயச் செய்கின்றார்.

குடும்பத்தாரும் சொன்ன சொல் தவறாது நடத்தல் வேண்டும். ஐயுறுவோர் உள்ளூர அஞ்சி வாழ்பவரே. அவ்வச்சம் அகல, நம்பிக்கை மெல்ல மெல்லத் துளிர்த்தல் வேண்டும்.